வீட்டிலேயே நனிசைவ மிசோ சூப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் மிசோ சூப் வைத்துப் பார்க்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட வாக்கிலேயே தொகுத்திருக்கிறோம். பொருளெல்லாம் கையில் இருக்கிறது, அளவு மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் நேரே 4ஆம் கேள்விக்குப் போகலாம்.

1. மிசோன்னா என்னங்க? மீன்ல செய்யறதுன்னு சொல்றாங்களே?

மிசோவில் மீன் இல்லை. அவித்து மசித்த சோயா பீன்ஸை உப்போடும் கோஜியோடும் கலந்து, காற்றுப் புகாமல் அமுக்கி, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ பக்குவப்படுத்திய விழுது அது. கோஜி என்பது வேகவைத்த அரிசியிலோ பார்லியிலோ ஆஸ்பெர்கில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையை வளர்த்து எடுப்பது. வெளிர் மிசோ வேர்க்கடலை விழுது நிறத்தில் இருக்கும், சிவப்பு மிசோ பழம்புளி நிறத்துக்கு வரும்.

மீன் வருவது சூப்பின் தண்ணீரில். ஜப்பானில் இந்தச் சூப்புக்கு வெறும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ‘தாஷி’ என்ற ஊறல் சாற்றில்தான் மிசோவைக் கரைப்பார்கள். சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டையாகக் காயவைத்துச் சீவிய கட்சுவோபுஷியில் பெரும்பாலும் அந்தச் சாறு எடுக்கப்படுகிறது. கடற்கரைப் பக்கம் மாசிக்கருவாடு பார்த்தவர்களுக்கு இது அதன் உறவுக்காரன் என்பது சட்டென்று புரியும். அந்தச் சாற்றை மாற்றினால் சூப் நனிசைவம் (வீகன், விலங்கிலிருந்து வரும் எதுவுமே இல்லாதது) ஆகிவிடும்.

2. பச்சைப் புள்ளி இருந்தா சைவம்தானே, அப்புறம் எதுக்கு தனியா நனிசைவம்னு பாக்கணும்?

பச்சைப் புள்ளி இறைச்சி, மீன், முட்டை இல்லை என்று மட்டுமே சொல்லும். பாலும் தேனும் இருந்தாலும் அந்தப் புள்ளி கிடைக்கும். விலங்கிலிருந்து வரும் எதுவுமே இல்லாத உணவுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. அதற்குத் தனி முத்திரையும் உண்டு. மிசோவில் பால் சேர்ப்பது அபூர்வம் என்பதால், இங்கே பார்க்க வேண்டியது மீன்தான்.

‘தாஷி சேர்த்த மிசோ’ என்று ஒரு வகை விற்கிறது. வெந்நீரில் கரைத்தாலே சூப் ஆகிவிடும். வசதிதான், ஆனால் அதில் மீன் சாறு இருக்கும். பொட்டலத்தில் வரும் உடனடிச் சூப் தூளும் பெரும்பாலும் அப்படித்தான். சேர்மானப் பட்டியலில் போனிடோ, கட்சுவோ, மீன் சாறு என்று எது இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். நல்ல மிசோவின் பட்டியல் சின்னது: சோயா பீன்ஸ், அரிசி அல்லது பார்லி, உப்பு, கோஜி. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்த டப்பாவில் நம் ஊர்ப் புள்ளி எதுவும் இருக்காது. எழுத்து ஜப்பானியமாக இருந்தால் கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டுத் திறங்கள்.

3. மதுரையில இதெல்லாம் எங்க கிடைக்கும்? எந்த மிசோ வாங்குறது?

காய்கறி, வெங்காயத்தாள், இஞ்சிக்கு மாட்டுத்தாவணியோ உழவர் சந்தையோ போதும். சோயா பீன்ஸும் எள்ளும் கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கிடைக்கும். டோஃபுவுக்கு (சோயா பாலைத் திரித்துச் செய்யும் பன்னீர் போன்ற கட்டி) பெரிய சூப்பர் மார்க்கெட்டின் குளிர்பெட்டியைப் பாருங்கள். மிசோ, கொம்பு, வக்காமே (இவை இரண்டும் உலர்ந்த கடற்பாசி வகைகள்), உலர்ந்த ஷிட்டாகே காளான் நான்கும் இணையத்தில் வாங்குவதுதான் நிச்சயம். சித்திரை, வைகாசி வெயிலில் வந்து சேரும் மிசோ கொஞ்சம் கருத்திருக்கலாம். அது கெட்டதற்கு அடையாளம் இல்லை.

முதல் தடவை வாங்குபவர்கள் ‘ஷின்ஷு’ எனப்படும் மஞ்சள் கலந்த வெளிர் மிசோவில் தொடங்குங்கள். அதில் உப்பு ஏறக்குறைய 12 சதவீதம். ‘ஷிரோ’ எனப்படும் வெள்ளை மிசோவில் இனிப்பு வகை உண்டு, அதில் உப்பு 5 முதல் 7 சதவீதம்தான். ‘அக்கா’ என்பது சிவப்பு மிசோ (நம் அக்கா இல்லை, ஜப்பானியத்தில் சிவப்பு). உப்பும் ருசியின் அழுத்தமும் கூடுதல். ‘ஹாட்சோ’ சோயாவை மட்டும் வைத்து இரண்டு ஆண்டுக்கு மேல் பக்குவப்படுத்தியது, சற்றே கசக்கும். அதைப் பழகிய நாக்குக்கு விட்டுவிடலாம்.

4. ரெண்டு பேருக்கு எம்புட்டு அளவு? வரிசையா சொல்லிருங்க.

தண்ணீர் 500 மில்லி, கொம்பு 5 கிராம் (உள்ளங்கையில் பாதி அளவுத் துண்டு), உலர்ந்த ஷிட்டாகே 2, டோஃபு 100 கிராம், உலர்ந்த வக்காமே 2 கிராம் (ஒரு தேக்கரண்டி), வெங்காயத்தாள் 2, மிசோ ஒன்றரை மேசைக்கரண்டி (27 கிராம்). இனிப்பு வெள்ளை மிசோவானால் இரண்டரை மேசைக்கரண்டி. தனியாக உப்பு வேண்டாம்.

கொம்பு என்றதும் மாட்டுக் கொம்பா என்று கேட்பார்கள். இது காயவைத்த கடற்பாசிப் பட்டை. மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பொடி அழுக்கில்லை, சுவையில் அதற்கும் பங்குண்டு. கழுவாமல் ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். கொம்பையும் ஷிட்டாகேயையும் தண்ணீரில் போட்டு, மூடி, குளிர்பெட்டியில் 6 மணி நேரமோ ராத்திரி முழுக்கவோ வையுங்கள். நம் ஊர் வெக்கையில் ராத்திரி முழுக்க வெளியே வைத்தால் காலையில் வாடை வந்துவிடும். அவசரமென்றால் வெளியே 45 நிமிடம் ஊறினாலும் ஓரளவு சாறு இறங்கும். போர் தண்ணீர் கடினமாக இருக்கும் வீடுகளில் குடிதண்ணீரையே எடுங்கள். சுண்ணாம்புச் சத்து கூடிய தண்ணீரில் கொம்பின் சாறு சரியாக இறங்காது.

ஊறியதை அப்படியே சிறுதீயில் வையுங்கள். பாத்திரத்தின் அடியில் கடுகளவு குமிழிகள் கிளம்பும்போது கொம்பை எடுத்துவிட வேண்டும். காளானை இன்னும் 8 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு எடுத்து, கட்டையான காம்பை நறுக்கி எறிந்துவிட்டு, தலையை மெல்லிய துண்டாக்கித் திரும்பப் போடுங்கள். டோஃபுவை ஒன்றரை சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிப் போட்டு 2 நிமிடம். வக்காமேயைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் 5 நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து கடைசியில் சேருங்கள். காய்ந்ததைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு ஊதும். இத்தனூண்டுதானே என்று கைப்பிடியாக அள்ளிப் போட்டால் சூப்பு கீரைக்கடைசல் ஆகிவிடும்.

அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் கழித்து மிசோ. டீ வடிகட்டியில் மிசோவை வைத்து, வடிகட்டியைச் சாற்றில் பாதி முக்கி, கரண்டியின் முதுகால் தேய்த்துக் கரைப்பது சுலபம். நேரடியாகப் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும். வெங்காயத்தாளைத் தூவி உடனே பரிமாறுங்கள்.

5. மிசோ போட்டப்புறம் ஏன் கொதிக்க விடக் கூடாது?

ரசம் நுரை கட்டியதும் இறக்குகிறோம். தளதளவென்று கொதித்தால் மணம் ஆவியோடு போய், புளிப்பும் உப்பும் மட்டும் மிஞ்சும். மிசோவுக்கும் அதே கணக்கு. மணப்பொருள்கள் மிக லேசானவை, கொதித்தால் பறந்துவிடும். விழுதும் பிரிந்து மணல்மணலாக நாக்கில் தட்டும். கொதிக்கத் தொடங்கும் அந்த நொடியை ஜப்பானியர்கள் ‘நியேபனா’ என்பார்கள். நுரை கட்டும் நேரம் என்று நம் வீட்டில் சொல்வதற்கு இணையான சொல் அது.

மிசோவில் உள்ள நல்ல நுண்ணுயிரிகள் கொதித்தால் செத்துவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் கடையில் விற்பதில் பல வகைகள் முன்பே சூடேற்றிப் பதப்படுத்தியவை, குடிக்கும் சூட்டிலும் பெரும்பகுதி தாங்காது. கொதிக்க விடாததற்கு மணமே போதுமான காரணம்.

6. கொம்பு கிடைக்கல. மளிகைக் கடையில கடல்பாசி இருக்கே, அது போட்டா ஆகுமா?

ஆகாது. இந்தக் குழப்பத்தில்தான் அதிகம் பேர் பொருளை வீணாக்குகிறார்கள். மளிகையில் வெள்ளை நூலாகவோ பட்டையாகவோ விற்கும் கடல்பாசி, சைனா கிராஸ் என்பதும் அதுவே, பாசியிலிருந்து எடுத்த அகர். கொதித்து ஆறினால் கட்டியாகும். நோன்புக் காலத்தில் இனிப்புச் செய்ய அருமையானது, சாறு இறங்காது. கல்பாசி இன்னும் தூரம்: அது கடலிலிருந்தே வருவதில்லை, பாறையிலும் மரத்திலும் படரும் வகை. பிரியாணி மசாலாவுக்கு உரியது. அதைப் போட்டால் சூப்பு சால்னா வாசம் அடிக்கும்.

ராமநாதபுரம் கரையில் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி அகருக்கும், மண்டபம் பக்கம் மிதவையில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசி கராஜீனன் என்ற கெட்டியாக்கும் பொருளுக்கும் போகிறது. இரண்டிலும் கொம்பின் சுவை கிடைக்காது. கொம்பு குளிர்ந்த கடலில் வளரும் வேறு இனம். ஜப்பானில் பெரும்பகுதி வடக்கே ஹொக்கைடோவிலிருந்து வருகிறது.

7. எங்க வீட்ல காளான் ஆகாது, வெங்காயம் பூண்டும் சேர்க்க மாட்டோம். அப்ப சாறுக்கு என்ன வழி?

வெங்காயம், பூண்டு சேர்க்காத மரபு ஜப்பானிலும் இருக்கிறது. பௌத்த மடங்களின் ‘ஷோஜின்’ சமையலில் இறைச்சி, மீனோடு இவையும் விலக்கு. ஆகவே கொம்பு மட்டும் வைத்துச் சாறு எடுப்பது குறைப்பட்ட ஏற்பாடு இல்லை, அதுவே பழைய வழி. கொம்பை 500 மில்லிக்கு 8 கிராமாகக் கூட்டி, 2 மேசைக்கரண்டி சோயா பீன்ஸை வாணலியில் பொன்னிறமாக வறுத்து அதோடு ஊறவையுங்கள். வறுத்த மணம் காளான் இல்லாத இடத்தை நன்றாக நிரப்பும். வெங்காயத்தாளுக்குப் பதில் துருவிய இஞ்சி.

கொம்பே இல்லையென்றால் ஷிட்டாகே 4. இரண்டுமே இல்லாவிட்டால் காய்கறிச் சாறுதான்: நன்றாகப் பழுத்த தக்காளி 2, முட்டைக்கோஸ் இலை 3, ஒரு கேரட், வெயிலில் காயவைத்த முள்ளங்கித் துண்டு ஒரு கைப்பிடி, 700 மில்லி தண்ணீரில் 25 நிமிடம் சிறுதீயில் வைத்து வடித்தால் 500 மில்லி வரும். மதுரை வெயிலில் முள்ளங்கியைக் குச்சியாக வெட்டிப் போட்டால் இரண்டே நாளில் வற்றலாகிவிடும். சுண்டைக்காய், மணத்தக்காளி வற்றல் வேண்டாம், கசப்பு மிசோவை அமுக்கிவிடும்.

8. அஜினோமோட்டோ ஒரு சிட்டிகை போட்டுட்டா இந்தப் பாடெல்லாம் வேண்டாமே?

போடலாம், அது நனிசைவம்தான். மாவுச்சத்து, கரும்புப்பாகு போன்றவற்றை நொதிக்கவைத்துத் தயாரிக்கிறார்கள். சொல்லப்போனால் அது பிறந்ததே கொம்பிலிருந்து. 1908இல் டோக்கியோவில் கிகுனாயே இக்கேடா என்ற வேதியியலாளர் கொம்புச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று பிரித்தறிந்தார். மறுவருடமே அது விற்பனைக்கு வந்தது.

ஆனால் அது தருவது ஒரே ஒரு சுவை. உலர்ந்த ஷிட்டாகேயில் குவானிலேட் என்ற வேறொரு பொருள் இருக்கிறது. அது குளுட்டமேட்டோடு சேரும்போது இரண்டின் சுவையும் கூட்டினால் வருவதைவிடப் பல மடங்கு தெரியும். கொம்பும் ஷிட்டாகேயும் ஜோடியாகப் போகும் காரணம் அதுதான். 7ஆம் பதிலில் சொன்ன காய்கறிச் சாறு மெலிந்துபோனால் 500 மில்லிக்கு கால் தேக்கரண்டிக்கும் குறைவாகச் சேருங்கள்; அதற்கு மேல் போனால் நாக்கில் ஒட்டும்.

9. டோஃபு இல்ல. பன்னீர் போடலாமா? மீல் மேக்கர்?

பன்னீர் பாலில் செய்தது. போட்டால் சைவ சூப், நனிசைவ சூப் இல்லை. மீல் மேக்கர் சோயாதான், போடலாம். வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, இரண்டு தடவை அலசிப் பிழிந்து, பொடியாக நறுக்கினால்தான் பச்சை வாடை போகும். இல்லையென்றால் சூப்பு முழுக்க அதுவே மணக்கும்.

வீட்டில் டோஃபு செய்வது பன்னீர் செய்வதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் வேலை. 200 கிராம் சோயா பீன்ஸை 8 மணி நேரம் ஊறவையுங்கள். கோடையில் நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றாவிட்டால் புளித்துவிடும். ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழிந்து, பாலை அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே கொதி வந்தபின் 10 நிமிடம் காய்ச்சுங்கள். சரியாகக் காய்ச்சாத சோயா பால் வயிற்றைக் கலக்கும். திடீரென்று பொங்கும், பெரிய பாத்திரமாக எடுங்கள். இறக்கி 5 நிமிடம் ஆறியதும், 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை அரை டம்ளர் தண்ணீரில் கலந்து மூன்று தடவையாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு சுற்று மட்டும் கிண்டுங்கள். அதிகம் கிண்டினால் பொடிப்பொடியாகும். 15 நிமிடத்தில் தெளிந்த மஞ்சள் நீர் பிரியும். துணியில் வடித்து, மேலே தண்ணீர்ச் செம்பை ஏற்றி அரை மணி நேரம் வைத்தால் கட்டியாகிவிடும். மிஞ்சும் சக்கையை அடை மாவில் கலந்துவிடலாம்.

10. நம்ம ஊரு காய்கறி எதெல்லாம் சேரும்?

நினைப்பதைவிட நிறைய. முள்ளங்கி, பரங்கி, கத்திரிக்காய், வெண்டைக்காய், சேப்பங்கிழங்கு, உருளை, முட்டைக்கோஸ் எல்லாமே ஜப்பானிலும் மிசோ சூப்பில் போடுபவைதான். ஒரு சூப்பில் இரண்டு, மிஞ்சினால் மூன்று காய் போதும். சாம்பார்போல எல்லாவற்றையும் போட்டால் எதன் ருசியும் தெரியாது. கடினமான காய் தாஷியில் முதலில் வேக வேண்டும், மிசோ எப்போதும் கடைசி.

முள்ளங்கியை 3 மில்லிமீட்டர் வில்லையாக வெட்டினால் 7 நிமிடம். பரங்கியும் உருளையும் 2 சென்டிமீட்டர் துண்டாக 10 நிமிடம். சேப்பங்கிழங்கைத் தனியே அவித்து, தோலுரித்து, கொழகொழப்பை அலசிவிட்டுப் போடுங்கள். கத்திரிக்காயை நல்லெண்ணெயில் இரண்டு நிமிடம் வதக்கிப் போடாவிட்டால் சூப்பு கருத்து, காயும் சப்பென்று நிற்கும். வெண்டைக்காய் சின்ன வட்டமாக, கடைசி ஒரு நிமிடம். லேசான வழவழப்பு வரும், அதை விரும்பியே போடுகிறார்கள். பீர்க்கங்காய்க்கு 4 நிமிடம். தென்ஜப்பானின் ஒக்கினாவாவில் அதன் உறவான நுரைப்பீர்க்கை மிசோவோடு சமைப்பது அன்றாட வழக்கம். எங்களைக் கேட்டால் மதுரைப் பக்கக் காய்களில் மிசோவுக்கு முதல் பரிசு பீர்க்கைக்குத்தான்.

பாலக், சிறுகீரை போன்றவற்றைத் தனி வெந்நீரில் அரை நிமிடம் முக்கிப் பிழிந்து கிண்ணத்தில் வைத்து, மேலே சூப்பை ஊற்றுங்கள். முருங்கைக்கீரை சேரும், ஆனால் அது தன் மணத்தை விட்டுக்கொடுக்காது. அதோடு ஷிட்டாகே வேண்டாம், கொம்பு மட்டும் போதும். பீட்ரூட், பாகற்காய் இரண்டையும் தவிருங்கள்.

11. தாளிச்சுக் கொட்டலாமா? மஞ்சள் தூள், சீரகம்?

கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் குடிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது மிசோ ரசம். மிசோவின் மணம் மென்மையானது, தாளிப்பு அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். மஞ்சள், சீரகம், புளிக்கும் இதே பதில். காரம் வேண்டுமென்றால் கிண்ணத்தில் ஊற்றியபின் மிளகுத் தூளோ துருவிய இஞ்சியோ வறுத்த எள்ளோ தூவுங்கள்.

எண்ணெய் மணம் பிடித்தவர்களுக்கு ஒரு வழி உண்டு. முள்ளங்கி, கேரட், சேப்பங்கிழங்கு, டோஃபுவை எண்ணெயில் முதலில் வதக்கி, பிறகு தாஷி ஊற்றி வேகவைப்பது ‘கெஞ்சின்ஜிரு’ என்ற மடத்துச் சூப்பின் முறை. நம் செக்கு நல்லெண்ணெய் பச்சை எள்ளில் ஆட்டியது. அவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் வறுத்த எள்ளின் எண்ணெய். அந்த மணத்துக்கு நல்லெண்ணெயோடு ஒரு தேக்கரண்டி எள்ளை வறுத்துப் பொடித்துச் சேர்த்தால் சரியாகிவிடும்.

12. ஒருதரம் உப்பு கரிக்குது, ஒருதரம் சப்புன்னு இருக்கு, ஒருதரம் கசக்குது. எங்க தப்பாகுது?

கரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் மிசோ வகையை மாற்றிவிட்டு பழைய அளவையே போடுவது. பழக்கத்தில் கல்லுப்பும் போட்டுவிடுபவர்கள் உண்டு. டப்பாவில் சோடியம் அளவு இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு: 100 கிராமுக்கு 4,800 மில்லிகிராம் சோடியம் என்றால் 12 கிராம் உப்பு. கரித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தாஷியோ இன்னும் கொஞ்சம் டோஃபுவோ சேருங்கள். இதற்காகவே அரை டம்ளர் தாஷியை எடுத்துவைப்பது நல்லது.

சப்பென்று இருந்தால் மிசோவைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் உப்புதான் ஏறும், ருசி ஏறாது. குறை சாற்றில் இருக்கிறது: ஊறிய நேரம் போதாது, அல்லது தண்ணீர் அதிகம். கசப்பும் கொழகொழப்பும் இருந்தால் கொம்பு தண்ணீரோடு கொதித்துவிட்டது என்று அர்த்தம். புளித்த வாடை வந்தால் ஊறல் வெளியே நெடுநேரம் கிடந்திருக்கிறது, கொட்டிவிடுங்கள்.

13. ஊத்தி வச்ச கொஞ்ச நேரத்துல மேல தெளிவா, அடில மேகம் மாதிரி நிக்குது. திரிஞ்சு போச்சா?

திரியவில்லை. மிசோ உப்பைப்போல முழுக்கக் கரைவதில்லை, துகள்கள் நீரில் மிதக்கின்றன. சூடு ஆற ஆறக் கீழே இறங்கும். ஒரு கலக்கு கலக்கிவிட்டுக் கிண்ணத்தோடு குடியுங்கள். எவர்சில்வர் டம்ளர் கை சுடும், கனமான பீங்கான் கிண்ணம் நல்லது.

14. காய்ச்சல், வாய்க் கசப்புன்னு கிடக்கும்போது குடுக்கலாமா? கஞ்சில கலக்கலாமா?

கொடுக்கலாம். ஐப்பசி அடைமழையில் தொண்டை கட்டிக் கிடப்பவர்களுக்கு இதமான வழி: அரை ஆழாக்கு அரிசியைக் குழைய வேகவைத்து, தாஷி ஊற்றி நீர்க்கக் கரைத்து, அடுப்பை அணைத்தபின் ஆளுக்கு 2 தேக்கரண்டி மிசோ, அரைத் தேக்கரண்டி இஞ்சிச் சாறு. பழைய சோற்றிலும் செய்யலாம். சூப்பைவிட இதில் மிசோ குறைவாகப் போதும், அரிசியே கெட்டித்தன்மை கொடுக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு உப்பு ஆகாது என்பதால் மிசோவும் வேண்டாம்.

15. காலையில வச்சு ராத்திரி சூடு பண்ணிக்கலாமா?

மொத்தமாக வைக்க வேண்டியது தாஷியைத்தான். குளிர்பெட்டியில் 3 நாள், உறைபெட்டியில் ஒரு மாதம் தாங்கும். குடிக்கும் நேரத்தில் வேண்டிய அளவு சூடாக்கி, டம்ளருக்கு முக்கால் மேசைக்கரண்டி மிசோ கரைத்தால் ஐந்து நிமிட வேலை. மிசோ கரைத்த மிச்சத்தைச் சூடாக்கினால் ஆவி பறக்கும்போதே இறக்குங்கள். காரணம் 5ஆம் பதிலில். அலுவலகத்துக்கு ஃபிளாஸ்க்கில் சூடான தாஷியையும், சின்ன டப்பாவில் மிசோவையும் தனித்தனியாக எடுத்துப் போங்கள்.

சாறு எடுத்த கொம்பை வீசாதீர்கள். மெல்லிய நாராக நறுக்கி, சோயா சாஸ், வெல்லம், கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுண்டவைத்தால் தயிர் ஊற்றாத சோற்றுக்கும் ஊறுகாய் ஆகிவிடும்.

16. மிசோ டப்பா எம்புட்டு நாள் தாங்கும்? கரண்டு போனா கெட்டுருமா? மேல வெள்ளையா படிஞ்சிருக்கே?

12 சதவீத உப்புள்ள மிசோ திறந்தபின் குளிர்பெட்டியில் ஓராண்டு தாங்கும். இனிப்பு வெள்ளை மிசோவுக்கு உப்புக் குறைவு, மூன்று மாதத்தில் முடித்துவிடுங்கள். சில மணி நேர மின்வெட்டு ஒன்றும் செய்யாது. மேல்பரப்பில் நெகிழித் தாள் ஒட்டி மூடுங்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள், ஊறுகாய் ஜாடிக்கு உள்ள அதே கட்டுப்பாடு. உறைபெட்டியில் வைத்தாலும் உப்பின் காரணமாகக் கல்லாகாது, கரண்டியில் எடுக்க வரும்.

நிறம் கருப்பது இயல்பு. மேலே நிற்கும் பழுப்பு நீரும் நல்லதுதான், கலந்துவிடுங்கள். வெள்ளையாகத் தட்டையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் ஈஸ்ட், அந்த இடத்தைச் சுற்றி ஒரு விரற்கடை வழித்து எறிந்தால் போதும். பச்சை, கறுப்பு, சிவப்பில் பஞ்சுபோல் இருந்தால் டப்பாவையே எறியுங்கள்.

17. பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன். வீட்டம்மாவுக்கு தைராய்டு. நாங்க குடிக்கலாமா?

4ஆம் பதிலின் அளவுப்படி ஒரு கிண்ணத்தில் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் உப்பு வரும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வது 5 கிராமுக்குக் கீழ். ஆகவே சூப்பு குடிக்கும் வேளையில் அப்பளம், ஊறுகாய், வற்றலை எடுத்துவிட வேண்டும். கிண்ணத்தில் காயைக் கூட்டி நீரைக் குறைத்தால் மிசோவும் குறையும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

தைராய்டுக்கு உப்பைவிடக் கொம்பைத்தான் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம். ஒரே கிராம் கொம்பில் 1,000 மைக்ரோகிராமைத் தாண்டி இருப்பது வழக்கம், ஊறவைத்தால் அதில் பெரும்பங்கு நீரில் இறங்கும். தைராய்டு உள்ளவர்கள் கொம்பை விட்டு, 7ஆம் பதிலில் உள்ள ஷிட்டாகே சாற்றையோ காய்கறிச் சாற்றையோ எடுங்கள். மற்றவர்களுக்கும் தினமும் கொம்பு வேண்டாம், வாரம் ஒன்றிரண்டு முறை போதும். தைராய்டு மாத்திரையை உடம்பு ஏற்றுக்கொள்வதைச் சோயா தடுக்கக்கூடும். காலையில் மாத்திரை போட்ட கையோடு மிசோ குடிக்காமல், எத்தனை மணி நேர இடைவெளி என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

18. கோதுமை ஆகாதவங்க குடிக்கலாமா? டப்பாவுல ஆல்கஹால்னு வேற போட்டிருக்கே?

அரிசி மிசோவும் சோயா மட்டும் உள்ள மிசோவும் சரி. ‘முகி’ என்ற பார்லி மிசோவில் குளூட்டன் உண்டு. குளூட்டன் இல்லை என்று அச்சிட்டதையே வாங்குங்கள். கொம்பு ஊறுகாய்க்குப் போடும் சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை இருக்கிறது.

டப்பாவுக்குள் ஈஸ்ட் தொடர்ந்து வேலை செய்தால் காற்று உண்டாகி உப்பிவிடும். அதை நிறுத்தக் கொஞ்சம் ஆல்கஹால் சேர்க்கிறார்கள். மத நம்பிக்கையால் தவிர்ப்பவர்கள், சேர்க்காத மிசோவாகப் பார்த்து வாங்கலாம். ஆனால் நொதிக்கும்போது தானாகவே சிறிதளவு உண்டாகும் என்பதையும் தெரிந்து முடிவெடுங்கள்.

19. தினமும் இட்லி மாவு புளிக்க வைக்கிறோம். மிசோவையும் வீட்லயே போட முடியாதா?

இட்லி மாவு ஒரு ராத்திரி சங்கதி. உளுந்திலும் அரிசியிலும் தானாக இருக்கும் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து, நாம் வேகவைத்து முடித்துவிடுகிறோம். மிசோவில் முதல் வேலை பூஞ்சையுடையது. அதன் நொதிகள் சோயாவின் புரதத்தை உடைத்த பிறகே சுவை பிறக்கிறது. அதற்கு மாதங்கள் ஆகும். வீட்டில் தானாகப் பூசணம் பிடித்த சோற்றைக் கோஜி என்று எண்ணி ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அதே இனத்தில் நஞ்சு சுரக்கும் பூஞ்சைகள் இருக்கின்றன, கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கோஜி வளர்ப்பதற்குச் சூடு 30 முதல் 35 டிகிரியில் நிற்க வேண்டும், 40ஐத் தாண்டினால் பூஞ்சை தளர்ந்துவிடும். சித்திரையில் மதுரையில் தொட்டுப் பார்க்க வேண்டாத வேலை.

ஆசை விடவில்லையென்றால் காய்ந்த அரிசிக் கோஜியாகவே வாங்கி, மார்கழி, தை மாதத்தில் ஒரு கிலோவுக்குப் போட்டுப் பாருங்கள். சோயா பீன்ஸ் 250 கிராம், கோஜி 250 கிராம், உப்பு 120 கிராம். பீன்ஸை ராத்திரி முழுக்க ஊறவைத்து, விரலால் நசுங்கும்வரை அவித்து, மசித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். கோஜியையும் உப்பையும் முதலில் கலந்துகொண்டு, பீன்ஸோடு பிசைந்து, அவித்த தண்ணீர் 80 மில்லி வரை சேர்த்து இட்லி மாவைவிடக் கெட்டியாக உருட்டுங்கள். பீங்கான் ஜாடியில் காற்றிடைவெளி இல்லாமல் அமுக்கி, மேலே ஒரு பிடி உப்புத் தூவி, நெகிழித் தாள் ஒட்டி, கால் கிலோ எடைக்கல் வையுங்கள். வீட்டின் குளிர்ந்த மூலையில் ஆறு மாதம். நம் வெக்கையில் ஜப்பானில் ஆவதைவிட வேகமாகக் கருக்கும், ஆகவே மூன்றாம் மாதத்திலிருந்தே மாதம் ஒருமுறை காய்ந்த கரண்டியால் ருசி பாருங்கள். பிடித்த நிலைக்கு வந்த அன்றே குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.